வண்டி சூடேறும் வரை

நாலு ஏழு ஒன்று ரெண்டு. வெள்ளை வேன் வளைந்து உள்ளே வரும்போதே வசந்தாமணியின் கண் நம்பரில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒன்பது வருஷப் பழக்கம். வண்டியில் இருப்பது ஆணா பெண்ணா, முகத்தில் சிரிப்பா கடுப்பா என்பதெல்லாம் அவளுக்கு அப்புறம்தான், முதலில் நம்பர். பெருந்துறை ரோட்டுப் பெட்ரோல் பங்க்கின் மூலையில், காற்றடிக்கிற இடத்துக்கும் கழிவறைக்கும் நடுவே நிற்கிற தகரக் கூண்டில் அவள் செய்கிற வேலை அப்படி. வண்டியின் சைலன்சருக்குள் மெஷினின் குழாயை விட வேண்டும், நம்பர் தெரிய ஒரு போட்டோ எடுக்க வேண்டும், கம்ப்யூட்டரில் நம்பரைத் தட்ட வேண்டும், இந்த வண்டியின் புகை அளவோடுதான் இருக்கிறது என்று சர்டிபிகேட்டை எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும். புகைப் பரிசோதனை நிலையம் என்று பேர் என்னவோ பெரிசு, உள்ளே உட்கார்ந்து காலை நீட்டினால் கதவு திறந்துகொள்ளும். மாசி வெயில் பத்தரை மணிக்கே தகரத்தைக் காய்ச்ச ஆரம்பித்திருந்தது. நாலு ஏழு ஒன்று ரெண்டு, பின் கண்ணாடியில் முருகன் துணை. தை மாசம் பேப்பரில் வந்த போட்டோவில் முருகன் மட்டும்தான் தெரிந்தார், துணையை ஒரு போலீஸ்காரரின் தோள் மறைத்திருந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வந்துவிட்டது என்று மட்டும் நினைத்தாள், தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று நினைக்கிற மாதிரி. ஆக வேண்டியது எதுவும் ஆகாமல் இருப்பதுதான் கொஞ்ச நாளாக அவளுக்கு ஆகிக்கொண்டிருந்தது.

இறங்கி வந்தவனுக்கு நாற்பது வயசு இருக்கலாம். நெற்றி ஏறின முகம், காதோரம் நரை. அந்த நெற்றியை அவளுக்குத் தெரியும், ஆனால் அது வேறொருவருடைய நெற்றி.

"ஏனுங்க்கா, பொகை சர்டிபிகேட்டு ஒண்ணு எடுக்கோணும்."

"ஆர்.சி. இருக்குதா தம்பி?"

"இருக்குதுங். எங்கண்ணன் பேர்ல. அது இப்ப இல்லீங், தவறிப்போச்சு. வண்டிய விக்கறமுங், பேரு மாத்தறதுக்கு இதும் வேணும்னு ஆபீஸ்ல சொல்லிப்போட்டாங்க."

"இன்சூரன்சு?"

"கட்டியாச்சுங். போன் நெம்பருக்கு ஓ.டி.பி. வருமாமே, அதுக்கு அண்ணன் போனையும் கையோட கொண்டாந்துட்டனுங்." சட்டைப் பையிலிருந்து மூலை உடைந்த போன் ஒன்றை எடுத்துக் காட்டினான்.

ஆர்.சி.யில் நாச்சிமுத்து என்று இருந்தது. அந்தப் பேரையும் அவள் பேப்பரில் படித்திருக்கிறாள். பேர் நாச்சிமுத்து, வயது நாற்பத்தாறு, மனைவி சாவித்திரி. அவள் வயசுதான் அந்த மனுஷனுக்கும். தம்பிக்காரன் காத்துக்கொண்டு நின்றான். வண்டிய எங்கீங்க நிறுத்தட்டும் என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு அவள் வாய்க்குள் ஒரு பதில் எப்போதும் தயாராகக் கிடக்கும், நம்பர் தெரியற மாதிரி திருப்பி நிறுத்துங்க, எஞ்சினை ஆஃப் பண்ணிருங்க, அவ்வளவுதான். இன்றைக்கும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"எங்க இருந்து வர்றீங்க?"

"இங்க டீக்கடைலதானுங் அரை மணி நேரமா நின்னுட்டு இருந்தேன்."

"அப்ப ஆறிப்போயிருக்கும். வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஒரு பத்து நிமிசம் ஓடவுடுங்க தம்பி. சூடேறுனாத்தான் எடுக்க முடியும்."

அவன் உடனே நகரவில்லை. அவளை ஒரு தரம் பார்த்தான், கூண்டின் கதவில் மாட்டியிருந்த பலகையை ஒரு தரம் பார்த்தான். சரிங் என்று போய் வண்டியைக் கிளப்பிவிட்டு, கதவைத் திறந்து வைத்தபடி சீட்டின் விளிம்பில் ஒரு காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தான். நாலு கண்ணாடியையும் முழுசாக இறக்கிவிட்டிருந்தான்.

பத்து நிமிஷம். கம்ப்யூட்டரின் மூலையில் பத்து முப்பத்திநாலு என்று இருந்தது. பத்து நிமிஷம் ஒரு வண்டிக்குக் காத்திருப்பதென்றால் மற்ற நாளில் வரிசை ரோடு வரைக்கும் போய்விடும், இன்றைக்கென்று ஒருத்தரையும் காணோம். அவன் பார்த்த பலகையை அவளும் பார்த்தாள். மஞ்சள் பலகை, நீல எழுத்து, பரிசோதனைக்கு முன் கவனிக்க வேண்டியவை என்று தலைப்பு, கீழே ஏழு வரி. முதலாளி கூண்டை ஆரம்பித்த புதுசில், எல்லாம் முறையாக நடக்கும் என்று அவரே நம்பிக்கொண்டிருந்த காலத்தில் எழுதி மாட்டினது. ஆர்.சி.யும் இன்சூரன்சும் நடப்பில் இருக்க வேண்டும். எஞ்சின் பத்து நிமிஷமாவது ஓடிச் சூடேறியிருக்க வேண்டும். சோக் தள்ளியிருக்க வேண்டும், ஏ.சி.யும் விளக்கும் அணைந்திருக்க வேண்டும், எஞ்சின் ஆயிலும் ஏர் பில்டரும் சரியாக இருக்க வேண்டும், அப்புறம் அந்த ஆறாவது வரி, சைலன்சரில் ஓட்டை, கசிவு இருக்கக் கூடாது. எழுதினவன் ஓட்டைக்கும் கசிவுக்கும் நடுவே இடம் விட்டுவிட்டான், அந்த இடத்தில் ஒரு ஸ்க்ரூ தலை. ஒன்பது வருஷமாகக் கதவில் தொங்குகிற அந்தப் பலகையை அவள் முழுசாகப் படித்ததே தை மாசத்துக்கு அப்புறம்தான். வருகிறவர்களும் படிப்பதில்லை. பங்க்குக்கு வந்தோமா, போனோமா என்று இருக்கிறவன் எதற்கு நின்று பலகையைப் படிக்கிறான். ஒரே ஒருத்தர் படித்தார். எழுத்துக் கூட்டி, விரலால் வரி பிடித்து, சத்தமாக. படிக்காமல் இருந்திருக்கலாம்.

ஆவணி மாசம் அது, வளர்பிறை முகூர்த்தம் ஏதோ இருந்து, கல்யாணத்துக்குப் போகிற வண்டியெல்லாம் வழியில் போலீஸ் பிடிக்கும் என்று காலையிலேயே இங்கே வந்து மொய்த்துக்கொண்டிருந்தது. அப்படி மொய்க்கிற நாளில் அவளுக்கென்று ஒரு வழி இருந்தது. அவளுக்கென்று என்ன, இந்தத் தொழிலில் பாதிப் பேரின் வழி அது. கூண்டுக்குப் பின்னால் அவளுடைய ஸ்கூட்டரை ஓடவிட்டு, அதன் சைலன்சருக்குள் மெஷினின் குழாயைச் செருகி வைத்துவிடுவாள். வாசலில் வருகிற வண்டிக்கு நம்பரை மட்டும் போட்டோ எடுப்பாள். போட்டோ வந்தவனுடையது, புகை அவளுடையது. அவள் வண்டி சர்வீஸ் தவறாத வண்டி, ஒரு நாளும் முரண்டு பிடிக்காது. பெருந்துறை ரோட்டில் போகிற எத்தனையோ வண்டிகள் அவளுடைய ஸ்கூட்டர் விட்ட மூச்சைத்தான் தங்கள் மூச்சென்று கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு போயின. யாருக்கு என்ன நஷ்டம்? முதலாளிக்குச் சந்தோஷம், வருகிறவனுக்குச் சந்தோஷம், ரெண்டு நிமிஷத்தில் வேலை முடிகிறதே என்று அவளுக்கும் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தின் நடுவில்தான் நாச்சிமுத்து வந்து நின்று, பலகையைப் படித்துவிட்டு, "பத்து நிமிசம் ஓடோணும்னு போட்டிருக்குதுங்களே, ஓடவுடட்டுங்களா?" என்று கேட்டார். அதெல்லாம் வேண்டாங்ண்ணா, நம்பர் தெரியற மாதிரி நிறுத்துங்க போதும் என்றாள். "அப்பறம் எதுக்குங் இத்தனை எழுதி வெச்சிருக்கீங்க?" எழுதறதுக்குப் பலகைல எடம் இருந்துச்சு, எழுதிப்போட்டாங்க என்று சொன்னாள். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். முன் சீட்டில் மடியில் பூவை வைத்துக் கட்டிக்கொண்டிருந்த அந்தம்மாவும் நாரைப் பல்லில் கடித்தபடியே சிரித்தது. பாத்தியா, அக்கா எப்படிப் பேசுதுன்னு என்று பெண்டாட்டியிடம் சொன்னார். வசந்தாமணிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு ஆளைச் சிரிக்க வைப்பது அவளுக்குக் கை வந்த கலை, வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் அவளுக்கு அந்தப் பேர் உண்டு. எழுதறதுக்கு எடம் இருந்துச்சு. இப்போதும் ஒரு நாளில் பத்துத் தடவையாவது அந்த வாக்கியம் வருகிறது, பல் விளக்கும்போது, அரிசி களையும்போது, பஸ் ஹாரனுக்கு ஒதுங்கும்போது. எழுதறதுக்கு எடம் இருந்துச்சு. அதைச் சொன்ன நாக்கு வாய்க்குள்ளேதான் இருக்கிறது, ருசிதான் போய்விட்டது. போன வாரம் அவள் புருஷன் கந்தவேல் மில்லிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்து, ஏம்புள்ள ரசத்துல உப்பே இல்லையே என்றான். அவள் அதே ரசத்தில் ரெண்டு டம்ளர் குடித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தாள்.

வேன் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு ஒரு நிறம் உண்டென்றால் சாம்பல் நிறம். பத்து முப்பத்தியேழு. பேப்பர் வந்த காலை இந்த வெயில்கூட இல்லை, இதமான தை மாசக் குளிர், பங்க்கில் பெட்ரோல் போடுகிற பெண்கள் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள், அவள் வடை கட்டி வந்த பேப்பரை, இல்லை, வடை கட்டி வந்ததில்லை, அது மேனேஜர் அறையில் கிடந்த அன்றைய பேப்பர், வடை கட்டி வந்ததாக ஏனோ ஒவ்வொரு தடவையும் நினைப்பு வருகிறது. கல்யாணத்துக்குப் போன தம்பதி வேனில் பிணமாக மீட்பு. மத்தியானப் பந்தி முடித்து, வீடு திரும்புகிற வழியில் கண் அசந்து வந்ததால் புளிய மரத்தடியில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. சாயங்காலம் ஆடு ஓட்டி வந்தவர் தட்டிப் பார்த்திருக்கிறார். அடித்தட்டு வழியாகப் புகை உள்ளே கசிந்து, கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவைச் சுவாசித்து உறக்கத்திலேயே இறந்திருக்கலாம் என்று போலீஸ் தரப்பில் சொல்லப்படுகிறது. கார்பன் மோனாக்சைடு. அந்தப் பேரை அவள் ஒன்பது வருஷமாகத் தினமும் பார்க்கிறாள், அவளுடைய கம்ப்யூட்டரில் முதல் கட்டத்தின் பேர் அது, அதற்கு நேரே ஒரு எண் வரும், எண் சின்னதாக இருந்தால் பச்சை. ஆளைக் கொல்கிற சரக்கு என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை, அவளும் யாரையும் கேட்டதில்லை. போட்டோவைப் பார்த்தாள். நாலு ஏழு ஒன்று ரெண்டு. பேப்பரை மடித்து இருந்த இடத்தில் வைத்தாள். வந்து கூண்டில் உட்கார்ந்தாள். அப்போது ஒரு புல்லட் வந்தது, போட்டோ எடுத்தாள், சர்டிபிகேட் கொடுத்தாள். அது அவளுக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது, ரெண்டு பேர் செத்த செய்தியைப் படித்துவிட்டு எழுந்து வந்தவள் அடுத்த வண்டிக்கும் தன் ஸ்கூட்டரின் புகையைத்தான் எழுதிக் கொடுத்தாள்.

அடுத்த நாள் மாறினாள். மாறினேன் என்று சொல்லிக்கொள்ளலாம், ஒரு வாரம். ஒரு வாரம் வந்த வண்டிக்கெல்லாம் குனிந்து குழாயை விட்டாள், பத்து நிமிஷம் ஓடவிட்டாள், சைலன்சரில் கசிவு இருந்தால் மாத்திட்டு வாங்க என்று திருப்பி அனுப்பினாள். சூடான சைலன்சரில் மணிக்கட்டு பட்டு ஒரு விரல் நீளத்துக்குத் தோல் வழன்றது, வீட்டுக்குப் போய்க் கழுவும்போதுதான் தெரிந்தது, வலித்ததே நினைவில்லை. வந்தவர்கள் கத்தினார்கள். ஏனுங்க்கா திடீர்னு பெரிய ஆபீசர் ஆயிட்டீங்க, சூடேறறதுக்குள்ள நாங்க வெந்துருவோம் போலிருக்குதே என்றார் ஒரு பால் வண்டிக்காரர். வரிசை ரோட்டுக்குப் போய் பங்க் மேனேஜர் வந்து சத்தம் போட்டார். முதலாளி போன் செய்து, ஏம்மா உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா, ரெண்டு நாள் லீவு போட்டுக்க, இல்லாட்டி எப்பவும் போல ஓட்டு என்றார். நல்ல மனுஷர், கத்தவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லீங் என்றாள். அன்றைக்குச் சாயங்காலமே ஸ்கூட்டர் பழைய இடத்துக்குப் போய்விட்டது. அழுதாளா என்றால் இல்லை. ஒரு பையைக் கீழே வைத்த மாதிரி இருந்தது, அதுவும் காலிப் பை. அதற்கப்புறம் இன்றைக்கு வரைக்கும் ஸ்கூட்டர்தான். கோயம்புத்தூரில் நர்ஸிங் படிக்கிற மகள் தேன்மொழி கூப்பிட்டு, அம்மா நான்தாம்மா கிளாஸ் பர்ஸ்ட் என்று கத்தினபோது, சரி சாமி, சாப்பிட்டியா என்று கேட்டாள். என்னம்மா இது, ஒரு சந்தோஷமே இல்லாம பேசற என்றாள் மகள். சந்தோஷம்தான் என்றாள். சொல்லிவிட்டு அது எங்கே இருக்கிறது என்று உள்ளே தேடிப் பார்த்தாள், சாவியைத் தேடுகிற மாதிரி. கந்தவேலிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்லுவான், உனக்கென்ன புள்ள பைத்தியமா, நீயா போய்க் கண்ணாடிய ஏத்திவுட்டே என்று சொல்லுவான். அது அவளுக்கும் தெரியும். அதையெல்லாம் அவளே தனக்குச் சொல்லியாகிவிட்டது.

பத்து நாற்பது. இன்னும் நாலு நிமிஷம். அவளைச் சுற்றிச் சுற்றி வருவது ஒரே கேள்விதான், செக்குமாடு மாதிரி அதையே மிதித்துக்கொண்டிருக்கிறாள். ஆவணியில் அந்த ஓட்டை இருந்ததா, இல்லையா. ஆவணிக்கும் தைக்கும் நடுவில் நாலு மாசத்துக்கு மேலே கிடக்கிறது, நாலு மாசத்தில் ஒரு குழிக்குள் இறங்கி ஏறினால் போதும், சைலன்சர் இடிபட்டு விரிசல் விடாதா. அப்படி இருந்தால் அவள் அன்றைக்கு முழங்கை வரைக்கும் சைலன்சருக்குள் விட்டிருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது, சுத்தமான வண்டிக்குச் சுத்தமான சர்டிபிகேட், அவளுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருந்தால்? இருந்திருந்தால், குனிந்தவுடனே தெரிந்திருக்கும். கசிகிற சைலன்சர் பேசும். வால் பக்கம் வர வேண்டிய சத்தம் வயிற்றுப் பக்கம் புஸ் புஸ்ஸென்று வரும், காது கேட்கிற எவளுக்கும் அது தெரியும். மாத்திட்டு வாங்கண்ணா என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள். அவர் சிரித்துக்கொண்டே போய் மாற்றியிருப்பார், அப்படிப்பட்ட ஆள்தான், பலகையைப் படித்துவிட்டு ஓடவிடட்டுமா என்று கேட்ட ஆளாச்சே. அன்றைக்கு அந்த வண்டி எப்படிச் சத்தம் போட்டது? அவள் எத்தனையோ தடவை அந்தக் காலையைத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டாள். பூ தெரிகிறது, நார் தெரிகிறது, அந்தம்மாவின் பச்சை ஜாக்கெட் தெரிகிறது, அவர் சிரித்தது கேட்கிறது, வண்டிச் சத்தம் மட்டும் கேட்க மாட்டேன் என்கிறது. கூண்டுக்குப் பின்னால் ஓடின அவளுடைய ஸ்கூட்டரின் சத்தம்தான் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. போலீஸ் வரும் என்று மாசக் கடைசி வரை எதிர்பார்த்தாள். ஒருத்தரும் வரவில்லை. இப்போது வந்தது வண்டிதான். குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஓட்டையின் ஓரம் புதுசாகப் பளபளப்பாக இருந்தால் அது இடிபட்டது, துருப்பிடித்து உதிர்ந்திருந்தால் பழசு. நாலு எட்டு வைத்தால் போதும், இந்த ரெண்டு மாசக் கேள்விக்குப் பதில் அங்கே தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அவள் எழுந்திருக்கவில்லை. பயமா என்றால் பயம்தான், ஆனால் அது தூரத்தில் யாருக்கோ இருக்கிற பயம் மாதிரி இருந்தது. கால் மரத்துப்போயிருந்தது, அதுவும் காரணம்.

பத்து நாற்பத்திமூன்றுக்கு எழுந்தாள். வெயிலில் போய் வேனுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தலையைச் சாய்த்துக் கீழே பார்த்தாள். சத்தம் வால் பக்கம்தான் வந்தது, வயிற்றில் ஒன்றும் இல்லை. அங்கே தொங்கியது கறுப்புப் பெயின்ட்கூட இன்னும் பொசுங்காத புத்தம் புதுச் சைலன்சர். அதில் ஒட்டியிருந்த விலைச்சீட்டு பாதி எரிந்து பாதி இருந்தது. அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி, அது வந்த வேகத்தைப் பார்த்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. அடுத்து யாரோ கையிலிருந்து பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. இனி யாரும் எதையும் பார்க்க முடியாது. போலீஸும் பார்க்க முடியாது, அவளும் பார்க்க முடியாது. தம்பிக்காரன் இறங்கிப் பக்கத்தில் வந்து நின்றான், அவனுடைய செருப்பு மட்டும் தெரிந்தது.

"புதுசா மாத்தியிருக்கீங்களா தம்பி?"

"ஆமாங். போன வாரம்."

"பழசு?"

"அத இரும்புக் கடைல போட்டாச்சுங்." பிறகு அவனாகவே சொன்னான். "போலீஸ்காரங்க வண்டிய வுட்டதும் மெக்கானிக்குகிட்ட வுட்டனுங். கழட்டிக் கையில குடுத்தான். ரெண்டு வெரல் போற ஓட்டை. ஓரமெல்லாம் துரு தின்னு முறுக்காட்டம் உதுருது. இது இன்னைக்கு நேத்து வுழுந்ததில்லீங், ஒன்றரை வருசமாவது இருந்திருக்கும்னான்."

ஒன்றரை வருஷம். அவள் விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கவில்லை. ஆவணியில் அந்த ஓட்டைக்கு ஒரு வயசு ஆகியிருக்கும். கேட்டது கிடைத்துவிட்டது, இத்தனை நாள் சுற்றின சுற்றுக்கு ஒரு முளைக்குச்சி. அவள் குத்துக்காலிட்டபடியே இருந்தாள். எழுந்திருக்க வேண்டும் என்கிற நினைப்பே வரவில்லை. கையில் குழாய் இருந்தது. அதை எப்போது எடுத்து வந்தாள் என்று தெரியவில்லை. கை அதுபாட்டுக்கு அந்த வேலையைச் செய்திருக்கிறது. குழாயை ஒரு முழம் உள்ளே தள்ளினாள், கிளிப்பைப் போட்டாள், போய்க் கம்ப்யூட்டரில் நம்பரைத் தட்டினாள். அவனுடைய அண்ணன் போன் அவன் கையில் ஒரு தரம் சிணுங்கியது, வந்த எண்ணை அவன் ஒவ்வொன்றாகப் படித்தான், அவள் ஒவ்வொன்றாகத் தட்டினாள். முதல் கட்டத்தில் எண் ஏறி, இறங்கி, நின்றது. பச்சை. ஒன்பது வருஷத்தில் அந்த வண்டி அவளுடைய கம்ப்யூட்டரில் தன் மூச்சை விட்டது இதுதான் முதல் தடவை. நல்ல மூச்சாகத்தான் இருந்தது. பிரிண்டர் இழுத்து இழுத்துக் காகிதத்தைத் துப்பியது. அதை எடுத்து நீட்டினால் அவன் வாங்கிக்கொண்டு போய்விடுவான், நாளைக்கு வண்டியும் கைமாறிவிடும், எந்த ஊரிலோ எவனோ காய்கறி ஏற்றிக்கொண்டு போவான். சொல்ல வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை. கேட்க ஆளே இல்லாத கேள்விக்கு எவள் பதில் சொல்லுவாள். அவள் நீட்டவில்லை.

"தம்பி. ஆவணி மாசம் உங்கண்ணன் இங்கதான் வந்தாரு."

"ம்."

"அன்னைக்கு நான் குழாய உள்ள வுடலைங்க. குனிஞ்சே பாக்கல. பின்னால என்ர ஸ்கூட்டர்ல வெச்சு எடுத்து அதையே குடுத்துட்டேன். பாத்திருந்தா ஓட்டை தெரிஞ்சிருக்கும். நான் பாக்கல."

சொல்லி முடித்ததும் எதுவோ நடக்கும் என்று அவள் உடம்பு காத்திருந்தது. அறை விழும், கத்துவான், பங்க்கில் ஆள் கூடும். அவன் போனின் உடைந்த மூலையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியுங்க்கா" என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். முதல் தடவையாக நம்பரை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தாள்.

"என்ர வண்டிக்கு மூணு தடவ இங்கதான் எடுத்திருக்கேன். உங்களுக்கு நெனப்பு இருக்காது, எத்தனை பேரு வர்றாங்க. அண்ணன் அன்னைக்கு பவானி ரோட்டுல போய் எடுக்கறேன்னுச்சு. நான்தானுங் வேண்டாம்னேன். அங்க குழாய வுட்டு அது நொட்டை இது நொட்டைன்னு அரை நாள் நிறுத்திப்போடுவாங்க, பெருந்துறை ரோட்டு அக்காகிட்டப் போ, குழாயே வுடாது, ரெண்டே நிமிசத்துல குடுத்து அனுப்பிரும்னு சொல்லி நான்தான் அனுப்பிச்சேன்." மூச்சு வாங்கிக்கொண்டான். "வண்டி புஸ்ஸுன்னு சத்தம் போடறது எனக்கும் கேக்கும். அதனாலதான் இங்க அனுப்பிச்சேன்."

ரோட்டில் ஒரு காலி டேங்கர் கடகடவென்று போனது. வசந்தாமணிக்குக் கையிலிருந்த காகிதத்தின் எழுத்து கலங்கித் தெரிந்தது. அழுகை என்று அதற்குப் பேர் வைக்க அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"அப்பறம் எதுக்கு தம்பி இன்னைக்கு இங்கயே வந்தீங்க? ஓட்டை சைலன்சரத்தான் மாத்திட்டீங்களே, எங்க போனாலும் குடுத்திருப்பாங்களே."

அவன் சர்டிபிகேட்டுக்குக் கையை நீட்டினான். அவள் கொடுத்தாள். அதைப் படிக்காமலே நாலாக மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"இன்னைக்கும் நீங்க குழாய வுடாம குடுத்திருந்தீங்கன்னா, எல்லாத்தையும் உங்க மேல போட்டுட்டு ஊட்டுக்குப் போயிரலாம்னு வந்தனுங்" என்றான். "இன்னைக்குன்னு பாத்து நீங்க ஒழுங்கா எடுத்துட்டீங்க."

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, கைவிட்டுப்போன ஒன்றைச் சொல்கிற மாதிரி சொன்னான். அவள் கண்ணைத் துடைக்காமல் நின்றாள். பின்னால் வந்து நின்ற ஆட்டோக்காரர் ரெண்டு தரம் ஹாரன் அடித்தார். அவன் வேனில் ஏறவில்லை.